திருட்டுப் போன போன்: தேடிப் போக வேண்டாம், எழுதிக் கொடுங்கள்

(போன், லேப்டாப் திருட்டு பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “எப்படித் திரும்பக் கிடைக்கும்?” கிடைப்பதற்கு முன்னால் காப்பாற்ற வேண்டியவை சில இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.)

கோயம்பேட்டில் பஸ் ஏறும் நெரிசலில் சட்டைப் பையில் இருந்த ஆண்ட்ராய்டு போன் போய்விட்டது. மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டபோது இரண்டு முறை ரிங் போனது. பயந்துபோய் உடனே சிம்மை பிளாக் செய்தேன். “அவசரப்பட்டு பிளாக் பண்ணிட்டியே, இனிமே ட்ராக் பண்ணவே முடியாது” என்கிறார் நண்பர். நான் செய்தது தவறா?
- எஸ்.கே., விருகம்பாக்கம்

தவறில்லை, வரிசைதான் மாறிவிட்டது. போன் இருக்கும் இடத்தை கூகுளுக்குச் சொல்வது அதன் இணையத் தொடர்பு. வெளியில் இருக்கும் போனுக்கு இணையம் பெரும்பாலும் சிம் வழியாகத்தான். சிம்மை பிளாக் செய்த நொடியில் டேட்டா நின்றுவிடும். இடம் தெரியாது என்பதோடு, நீங்கள் தூரத்திலிருந்து அனுப்பும் ‘லாக் செய்’, ‘அழி’ கட்டளைகளும் போய்ச் சேராது. அந்த வகையில் நண்பர் சொல்வது சரி. ஆனால் டிராக் செய்வதற்காக சிம்மை மணிக்கணக்கில் உயிரோடு விட்டுவைத்தால், திருடன் அதைக் கழற்றி இன்னொரு போனில் போட்டு உங்கள் ஓ.டி.பி.க்களை வாங்கிக்கொண்டிருப்பான். போனைவிட சிம் ஆபத்தானது.

ஆகவே முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தை இப்படிப் பயன்படுத்துங்கள். நம்பிக்கையான ஒருவரின் போனில் கூகுளின் ‘ஃபைண்ட் ஹப்’பைத் திறந்து (2025 மே வரை இதன் பெயர் ‘ஃபைண்ட் மை டிவைஸ்’) உங்கள் ஜிமெயில் கணக்கில் நுழையுங்கள். முதல் வேலை, போனைத் தொலைந்ததாகக் குறித்து லாக் செய்வது. பூட்டுத் திரையில் தெரியும்படி ஒரு செய்தியும், தொடர்புக்கு உறவினர் ஒருவரின் எண்ணும் கொடுக்கலாம். அடுத்து, வரைபடத்தை நேரத்தோடு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அதே பக்கத்தில் போனின் விவரத்தைத் தொட்டால் ஐ.எம்.இ.ஐ. எண் (போனுக்கே உரிய அடையாள எண்) வரும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இவை முடிந்ததும் சிம்மை பிளாக் செய்யுங்கள். அதே நிறுவனத்தின் சிம் உள்ள வேறொரு போனிலிருந்து 198-ஐ அழைத்தால் போதும்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தால், புதிய போனில் ஜிமெயிலைத் திறக்கும்போது அது கேட்கும் குறியீடு திருட்டுப் போன போனுக்கே போகும். இதற்காகவே கூகுள் கணக்கில் ‘பேக்கப் குறியீடுகள்’ இருக்கின்றன. 8 இலக்கம் கொண்ட 10 எண்கள். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். காகிதத்தில் அச்சடித்து வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். போன் கேலரியில் படம் பிடித்து வைத்தால் பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்த கதைதான்.

இந்த வரிசைக்கு ஒரு விதிவிலக்கு. திரை திறந்திருக்கும்போது, பேசிக்கொண்டிருக்கையில் பறித்துக்கொண்டு ஓடினால் பத்து நிமிடமெல்லாம் கிடையாது. ஒருவர் லாக் செய்யட்டும், இன்னொருவர் அதே நேரத்தில் சிம்மை நிறுத்தட்டும். ஆள் ஒருவர்தான் என்றால் முதலில் லாக். இப்படிப் பறிப்பதற்கென்றே ஆண்ட்ராய்டு அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் ‘திருட்டுப் பாதுகாப்பு’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. கையிலிருந்து சட்டென்று இழுத்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து போன் தானே பூட்டிக்கொள்ளும். போன் எண்ணை மட்டும் கொடுத்து தூரத்திலிருந்து பூட்டும் வசதியும் அதே பக்கத்தில் உண்டு. போன் கையில் இருக்கும்போதே இவற்றை இயக்கி வைத்திருந்தால்தான் உதவும்.

‘அழி’ பொத்தானைக் கடைசிக்கு வையுங்கள். ஆண்ட்ராய்டில் அழித்துவிட்டால் அதன் பிறகு இடம் தெரியாது. உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாதது என்றால் யோசிக்காமல் அழித்துவிடலாம். மெமரி கார்டில் இருப்பது மட்டும் அழியாமல் தப்பிவிடலாம்.

மகள் போன் பள்ளிக்கரணையில் ஒரு வீட்டில் இருப்பதாக மேப்பில் காட்டுகிறது. நான்கு பேராகப் போய் நேரில் கேட்கலாமா? ‘ஒலி எழுப்பு’ பட்டனை அழுத்தினால் எந்த வீடு என்று தெரிந்துவிடுமே?
- ஆர்.வி., மேடவாக்கம்

போகாதீர்கள். வரைபடத்தில் தெரியும் புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள், அதைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று இருக்கும். போன் அந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். நடுப்புள்ளி இருக்கும் வீடு என்று அர்த்தமில்லை. நம் தெருக்களில் 30 மீட்டர் வட்டத்துக்குள் ஏழெட்டு வீடுகள் அடங்கிவிடும். அடுக்குமாடி என்றால் எத்தனையாவது மாடி என்று வரைபடம் சொல்லாது. சுவர்களுக்குள் ஜி.பி.எஸ். சரியாக எடுக்காதபோது, சுற்றியுள்ள வைஃபைகளையும் செல் டவர்களையும் வைத்துப் போன் இடத்தைக் கணிக்கிறது. அப்போது வட்டம் இன்னும் பெரிதாகும். புள்ளிக்குக் கீழே எழுதியிருக்கும் நேரத்தையும் பாருங்கள். ‘இரண்டு மணி நேரத்துக்கு முன்’ என்றிருந்தால் போன் இப்போது அங்கே இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் டென்வர் நகரத்திலேயே இரண்டு சம்பவங்கள். 2020 ஆகஸ்டில், பறிபோன ஐபோன் அங்கே இருப்பதாக ஆப் காட்டியது என்று நம்பி, சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டுக்குச் சில இளைஞர்கள் தீ வைத்தார்கள்; ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். 2022 ஜனவரியில் அதே நகரப் போலீஸ், பல வீடுகளை உள்ளடக்கிய அதே மாதிரி வட்டத்தை நம்பி ஆயுதப் படையோடு ஒரு மூதாட்டியின் வீட்டுக்குள் புகுந்து தேடியது, ஒன்றும் கிடைக்கவில்லை. 2024-ல் நடுவர் குழு அவருக்கு 37.6 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. பயிற்சி பெற்ற போலீஸுக்கே இந்தக் கதி.

ஒலி எழுப்பும் பட்டன் வீட்டுச் சோபா இடுக்கிலும் ஆட்டோ சீட்டுக்கடியிலும் விழுந்த போனுக்கானது. திருடன் கையில் இருக்கும் போன் அலறினால், அவன் செய்யும் முதல் வேலை அதை அணைப்பது. சில புதிய மாடல்கள் தவிர, அணைத்த ஆண்ட்ராய்டு வரைபடத்தில் நகராது.

ஸ்க்ரீன்ஷாட்டுகளை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். இடம் மாறினால், மாறிய ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்க்ரீன்ஷாட். இரவு 11 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒரே இடத்தில் நிற்கிற புள்ளிதான் போலீஸுக்குப் பயன்படும். பகல் புள்ளி பெரும்பாலும் வழியில் எடுத்தது.

நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். வேண்டாமா? புகாரில் என்ன எழுத வேண்டும்?
- ம.தே., திண்டுக்கல்

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது. போனின் ஐ.எம்.இ.ஐ.யை முடக்கும் விண்ணப்பத்துக்கு இது போதும். ஆனால் திருட்டு என்பது (5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சில வழக்குகள் தவிர) போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 303-வது பிரிவு திருட்டு, 304-வது பிரிவு பறிப்பு. காப்பீடு எடுத்திருந்தாலும், பணமும் போயிருந்தாலும், அலுவலக லேப்டாப் என்றாலும் எஃப்.ஐ.ஆர். கேட்டு வாங்குங்கள். அதன் நகல் இலவசம். சம்பவம் வேறு எல்லையில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த நிலையத்திலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ பதியலாம் என்று பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவு சொல்கிறது. பதிய மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்கு (சென்னை போன்ற மாநகரங்களில் துணை ஆணையருக்கு) பதிவுத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

பாதி விவகாரம் ஒரு சொல்லில் இருக்கிறது. “போன் தொலைந்துவிட்டது” என்று எழுதினால் அங்கே குற்றமே இல்லை, சி.எஸ்.ஆரோடு முடிந்துவிடும். கையிலிருந்து இழுத்துக்கொண்டு போனதை “காணவில்லை” என்று எழுதச் சொன்னால் பணிவாக மறுங்கள். அதேபோல எங்கே விழுந்தது என்றே தெரியாததை “திருடப்பட்டது” என்று எழுதுவதும் சரியில்லை. ஒரு மாதிரி:

“ஐயா, 12-ஆம் தேதி மாலை சுமார் 6.20 மணிக்கு, திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பழனி பேருந்தில் ஏறும்போது, என் சட்டையின் இடது பையில் இருந்த செல்போனை அடையாளம் தெரியாத நபர் திருடிச் சென்றுவிட்டார். 6.25-க்கு அழைத்தபோது ரிங் போனது, 6.40-லிருந்து அணைக்கப்பட்டுள்ளது. போன்: (நிறுவனம், மாடல், நிறம், கவர்). ஐ.எம்.இ.ஐ. 1: … ஐ.எம்.இ.ஐ. 2: … அதில் இருந்த சிம் எண்கள்: … சிம் 7.05-க்கு நிறுத்தப்பட்டது. இடது கீழ் மூலையில் திரையில் கீறல் உள்ளது. வாங்கிய ரசீது நகல், கடைசியாகக் காட்டிய இடத்தின் ஸ்க்ரீன்ஷாட் இணைத்துள்ளேன். வழக்குப் பதிந்து கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இவ்வளவு போதும். நேரங்களை விட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள கடைகளின் கேமராப் பதிவு சில நாட்களிலேயே மேலெழுதப்பட்டுப் போய்விடும். எந்த நிமிடத்தைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் யாராவது பார்ப்பார்கள்.

சஞ்சார் சாத்தியில் போட்டால் போன் கிடைக்குமா?
- கே.பி., ஈரோடு

அது போனைத் தேடித் தராது; போனை விற்க முடியாத பொருளாக்கும், இயக்கினால் காட்டிக்கொடுக்கும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சி.இ.ஐ.ஆர். பதிவேடு (ஐ.எம்.இ.ஐ. எண்களை முடக்கும் பதிவேடு) 2019-ல் மும்பையில் சோதனையாகத் தொடங்கி, 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி தளத்தோடு நாடு முழுக்க வந்தது. 2025 ஜனவரியிலிருந்து செயலியாகவும் இருக்கிறது. உங்கள் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. இதில் ஏறிவிட்டால், 24 மணி நேரத்துக்குள் இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் வேலை செய்யாது. சிம்மை மாற்றினாலும் பயனில்லை. யாராவது சிம் போட்டு இயக்கினால் அந்தத் தகவல் போலீஸுக்குப் போகும். மாவட்ட எஸ்.பி. அலுவலகங்களில் அவ்வப்போது மேசை நிறையப் போன்களை அடுக்கிவைத்து உரியவர்களிடம் ஒப்படைக்கிறார்களே, அவற்றில் பல இந்த வழியில் சிக்கியவை.

தேவையானவை: புகார் எண்ணும் நகலும், வாங்கிய ரசீது, அடையாள அட்டை, இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள், ஓ.டி.பி. வாங்க ஒரு செல் எண். இரண்டு சிம் போனில் ஒரு எண்ணை மட்டும் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மற்ற சிம் துளை வழியாகப் போன் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த சிக்கல் ஓ.டி.பி. டூப்ளிகேட் சிம்மில் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது. திருடர்கள் சிம் மாற்றி மோசடி செய்வதைத் தடுக்கப் போட்ட விதி அது. உங்களையும் ஒரு நாள் தடுக்கும். புது சிம்மில் ஓ.டி.பி. வரவில்லை என்று திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்காமல் மறுநாள் செய்யுங்கள்.

விண்ணப்பம் முடிந்ததும் வரும் கோரிக்கை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். நிலை பார்க்கவும், பின்னால் முடக்கத்தை நீக்கவும் அதுதான் வேண்டும்.

இந்த முடக்கத்தால் ஆகாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வைஃபை வேலை செய்யும். உள்ளே இருக்கும் படங்கள் அழியாது. வெளிநாட்டு நெட்வொர்க்கை இது கட்டுப்படுத்தாது.

ஐ.எம்.இ.ஐ. எண்ணை எங்கே தேடுவது என்று இன்னும் மூன்று கடிதங்கள்: பெட்டியின் ஸ்டிக்கரில், கடை ரசீதில், ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்த இன்வாய்ஸில், கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் சாதனப் பக்கத்தில். போன் கையில் இருப்பவர்கள் *#06# அழுத்தி இன்றே எழுதிவைக்கலாம்.

போனுக்கு லாக் இருக்கிறது, ஜிபே-க்கு பின் இருக்கிறது. பிறகு எப்படிப் பணம் எடுக்கிறார்கள்?
- ஜி.எல்., தஞ்சாவூர்

போன் லாக் சிம்மைக் காப்பாற்றாது என்பதால். உங்கள் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் அங்கே உங்கள் எண்ணுக்கான எஸ்.எம்.எஸ். எல்லாம் வரும். யு.பி.ஐ. செயலியை அங்கே பதிவு செய்ய அந்த எண்ணிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போனால் போதும். புது பின் போட, டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கம், காலாவதி மாதம், ஓ.டி.பி. கேட்கும். இப்போது உங்கள் போன் கவரைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கப் பையில் டெபிட் கார்டு செருகியிருக்கிறதா? திருடனுக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆதார் கார்டை அங்கே வைத்திருந்தாலும் அதே ஆபத்துதான்; ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் வைத்து பின் போடும் வழியும் இருக்கிறது.

மருந்து இரண்டு. கார்டைப் பர்ஸுக்கு மாற்றுங்கள். சிம்முக்கு தனியாக ‘சிம் பின்’ போடுங்கள். வேறு போனில் செருகினால் அந்த எண்ணைக் கேட்கும். போடும்போது பழைய பின்னைக் கேட்கும், ஊகித்து அடிக்காதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பி.யு.கே. எண்ணைக் கேட்கும். நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் என்றால் கழற்றவே முடியாது.

போன் போன அன்று சிம்மை நிறுத்தியதும் வங்கியைக் கூப்பிட்டு யு.பி.ஐ., மொபைல் பேங்கிங், கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லி, புகார் எண்ணும் நேரமும் வாங்குங்கள். தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. அந்த நேரம்தான் உங்கள் சாட்சி. பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கிறது.

வாட்ஸ்அப்புக்கு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டாம். புது சிம்மைப் போட்டு வேறு போனில் பதியும்போது எஸ்.எம்.எஸ். வரவில்லை என்றால் அழைப்பு வழியாகக் குறியீட்டைக் கேட்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். இங்கே திறந்ததும் பழைய போனில் வெளியேறிவிடும்.

ஐபோன் போய் ஐந்து நாள் கழித்து, “உங்கள் ஐபோன் கண்டுபிடிக்கப்பட்டது, இருப்பிடம் பார்க்க” என்று என் தம்பி எண்ணுக்கு ஆப்பிளிலிருந்து லிங்க் வந்திருக்கிறது. திறக்கலாமா?
- என்.எஃப்., நாகர்கோவில்

திறக்கவே வேண்டாம். ஐபோனைத் தொலைந்ததாகக் குறிக்கும் ‘லாஸ்ட் மோடில்’ பூட்டுத் திரையில் தம்பியின் எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். அதைப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஐபோனை முழுதாக அழித்தாலும் உங்கள் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் அதைப் புதிதாக இயக்க முடியாது. இதற்கு ‘ஆக்டிவேஷன் லாக்’ என்று பெயர். பூட்டிய ஐபோன் உதிரிபாக விலைக்குத்தான் போகும், திறந்தது முழு விலைக்கு. அந்த வித்தியாசத்துக்காகத்தான் அச்சு அசலாக ஆப்பிள் பக்கம் போலவே ஒன்றை உருவாக்கி, பாஸ்வேர்டையோ ஆறு இலக்கக் குறியீட்டையோ உங்கள் கையாலேயே எழுத வைக்கிறார்கள்.

லிங்க் பலிக்காவிட்டால் அடுத்து மிரட்டல் வரும்: “உன் கணக்கிலிருந்து இந்தப் போனை நீக்கு, இல்லாவிட்டால் படங்களை வெளியிடுவோம்.” நீக்கினால் அந்தக் கணமே பூட்டு போய்விடும். திரைப் பூட்டைத் திறக்க முடியாததால்தான் உங்களிடம் வருகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். காப்பீட்டுக்காரர் என்று சொல்லிக்கொண்டு யார் கேட்டாலும், போன் கைக்கு வரும்வரை பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். இடம் பார்க்க ஐகிளவுட் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். அதன் ‘ஃபைண்ட்’ பக்கத்துக்கு இரண்டாவது குறியீடு தேவைப்படாது. ஐபோன் 11-லிருந்து பெரும்பாலான மாடல்கள் அணைத்த பிறகும் சில மணி நேரம் அருகிலுள்ள ஆப்பிள் சாதனங்கள் வழியாக இடத்தைக் காட்டும்.

கோவையிலிருந்து சென்னை வரும் இரவு ரயிலில் லேப்டாப் பை காணோம். எந்த ஊரில் எடுத்தார்கள் என்று தெரியாது. லேப்டாப்பின் மேக் அட்ரஸைக் கொடுத்தால் போலீஸ் கண்டுபிடிக்கும் என்கிறார்களே?
- டி.எஸ்., பீளமேடு

மேக் அட்ரஸ் என்பது நெட்வொர்க்கில் கருவிக்கு உள்ள அடையாள எண்; அதன் பயன் வீட்டு வைஃபை ரவுட்டர் வரைக்கும்தான். வங்கிக் கிளைக்குள் கொடுக்கும் டோக்கன் எண் மாதிரி; கிளைக்கு வெளியே அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ரவுட்டரைத் தாண்டி இணையத்துக்குள் அது போவதே இல்லை. லேப்டாப்புக்கு ஐ.எம்.இ.ஐ.யும் கிடையாது (சிம் போடும் மாடல்கள் தவிர), ஆகவே சி.இ.ஐ.ஆர். உதவாது. சீரியல் நம்பர்தான் அடையாளம். பெட்டியிலும் ரசீதிலும் இருக்கும். புகாரில் அதை எழுதுங்கள். நாளை ஒரு கடையில் பிடிபட்டால், இது உங்களுடையதுதான் என்று காட்ட வேறு வழியில்லை.

ரயிலில் எந்த ஊர் என்று தெரியாதது தடையில்லை. ஓடும் ரயிலிலேயே டி.டி.இ.யிடமோ பாதுகாப்புக்கு வரும் காவலரிடமோ எஃப்.ஐ.ஆர். படிவம் வாங்கி எழுதிக் கொடுக்கலாம். அடுத்த ரயில்வே காவல் நிலையத்துக்குப் போகும். ரயில்வே உதவி எண் 139-லும் சொல்லலாம். இறங்கிவிட்டீர்கள் என்றால் இறங்கிய ஊரின் ரயில்வே காவல் நிலையம். பெட்டி எண், இருக்கை எண், கடைசியாகப் பையைப் பார்த்த நேரம், காணோம் என்று தெரிந்த நேரம். இந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் ரயில் நின்ற ஸ்டேஷன்கள் எவை என்று பட்டியலிட்டுக் கொடுத்தால் எந்தப் பிளாட்பார கேமராவைப் பார்ப்பது என்பது சுருங்கிவிடும்.

இணையத்தில் ஒரு தடயம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அந்த லேப்டாப்பில் ஜிமெயில் திறந்தபடியே இருந்தால், வேறு கணினியில் ஜிமெயிலைத் திறந்து பக்கத்தின் அடியில் வலப்புறம் உள்ள ‘விவரங்கள்’ என்பதை அழுத்துங்கள். அண்மையில் திறந்த ஐ.பி. முகவரிகளும் நேரமும் வரும். திருட்டுக்குப் பிந்தைய புது முகவரி இருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ஒரே பொது ஐ.பி.யை ஏராளமான சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது இங்கே வழக்கம் என்பதால், அதை வைத்து ஆளைச் சுட்ட நொடிக் கணக்கில் நேரமும் இன்னும் சில விவரங்களும் வேண்டும். அவற்றை நிறுவனங்கள் போலீஸுக்குத்தான் தரும். உங்களுக்குத் தராது. நீங்கள் ஐ.பி.யை இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் வரும் ‘இடம்’ பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் ஊர்.

பதிவை எடுத்த பிறகு கணக்கிலிருந்து அந்த லேப்டாப்பை வெளியேற்றி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். தடயத்துக்காகத் திறந்துவைக்கலாமே என்று தோன்றும். அங்கே வங்கி, அலுவலக மெயில் எல்லாம் இருந்தால் அந்த ஆசை வேண்டாம். அலுவலக லேப்டாப் என்றால் புகார் எழுதுவதற்கு முன்பே ஐ.டி. பிரிவுக்குப் போன் செய்யுங்கள். தூரத்திலிருந்து அழிக்கும் ஏற்பாடு அவர்களிடம்தான் இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தியிருந்து, ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ முன்பே இயக்கத்தில் இருந்தால் கடைசி இடம் பார்க்கலாம், பூட்டலாம், அழிக்க முடியாது. விண்டோஸ் பாஸ்வேர்டை மட்டும் நம்ப வேண்டாம். என்கிரிப்ஷன் (தகவலைப் படிக்க முடியாதபடி பூட்டுவது) இல்லாத ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சில நூறு ரூபாய் யு.எஸ்.பி. கேஸில் போட்டு இன்னொரு கணினியில் செருகினால் ஃபைல்கள் அப்படியே திறக்கும். விண்டோஸின் என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் திறக்காது. அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆகவே முதலில் மாற்ற வேண்டிய பாஸ்வேர்டு அதுதான்.

“உங்க போன் என்கிட்ட இருக்கு, நான் 4,000 கொடுத்து வாங்கினேன், அதைக் கொடுத்துட்டு வாங்கிக்குங்க” என்று ஒருவர் பேசினார். போலீஸ், கோர்ட் என்று அலைவதைவிட இது மேல் அல்லவா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

தெரியாமல் வாங்கியவராக இருக்கலாம், மரியாதையாகவே பேசுங்கள். ஆனால் திருட்டுப் பொருளை விலை கொடுத்து வாங்கினாலும் அது அவருக்குச் சொந்தமாகாது. தெரிந்தே வாங்கியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி குற்றம். திருட்டுப் பொருளை மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பதற்கும், திருடனைப் பிடிக்க உதவாதபட்சத்தில், தனியாக 252-வது பிரிவு இருக்கிறது. முன்பணமாக ஜிபே செய்யச் சொன்னால் அவரிடம் போனே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

“சரிங்க, ஸ்டேஷன்ல கொடுத்துடுங்க, நானும் வந்துடுறேன்” என்று சொல்லுங்கள். நல்லவர் வருவார். அவருடைய எண்ணை உங்கள் சி.எஸ்.ஆர். எண்ணோடு நிலையத்தில் கொடுங்கள். பைபாஸ் டீக்கடை, இரவு நேரம், தனியாக வரச் சொல்வது - இந்த மூன்றில் எது வந்தாலும் போகாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குகிறேன். திருட்டுப் போனா என்று எப்படித் தெரியும்?
- ஏ.ஆர்., மேலப்பாளையம்

*#06# அழுத்தி வரும் எண், பெட்டி, ரசீது மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, 15 இலக்க எண் - இதை 14422-க்கு எஸ்.எம்.எஸ். செய்யுங்கள். முடக்கப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். விற்பவர் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை உங்கள் கண்முன் நீக்கித் தரட்டும்.

எட்டு மாதம் கழித்து என் போன் கிடைத்துவிட்டதாக நிலையத்திலிருந்து அழைத்திருக்கிறார்கள். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
- சி.மு., காரைக்குடி

முதலில், அழைத்தது நிலையம்தானா என்று நேரில் போய் உறுதி செய்யுங்கள். ஓ.டி.பி.யோ ‘பார்சல் செலவோ’ போலீஸ் கேட்காது. ரசீது, பெட்டி, அடையாள அட்டை, சி.எஸ்.ஆர். நகல், சி.இ.ஐ.ஆர். கோரிக்கை எண் இவற்றோடு போங்கள். சி.எஸ்.ஆர். மட்டும் என்றால் பெரும்பாலும் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டு வழக்குச் சொத்தாகியிருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 497 அல்லது 503-வது பிரிவின் கீழ் மனு கொடுத்து, கேட்கும்போது ஆஜர்படுத்துவதாக உறுதிப் பத்திரம் எழுதி வாங்க வேண்டும். வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கைப்பற்றிய பொருட்களை மாதக்கணக்கில் நிலையத்தில் போட்டுவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் *#06# அழுத்திப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் அங்கேயே சொல்லுங்கள். அதை மாற்றுவது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் உள்ள தனிக் குற்றம். திரை, கேமரா, பேட்டரி மாற்றப்பட்டிருக்கலாம். ஐபோனில் அமைப்புகளின் ‘அபவுட்’ பக்கம் வேற்றுப் பாகத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சஞ்சார் சாத்தியில் முடக்கத்தை நீக்க விண்ணப்பியுங்கள். இதை மறந்துவிட்டு “போன் கிடைத்தும் சிக்னல் வரவில்லை” என்று சர்வீஸ் சென்டருக்கு அலைபவர்கள் உண்டு. பிறகு முழுதாக ரீசெட் செய்யுங்கள். எட்டு மாதம் யார் கையில் இருந்ததோ, அதில் என்ன ஏற்றியிருக்கிறார்களோ. ரீசெட் ஆனதும் போன் கேட்பது திருட்டுப் போன நாளில் அதில் இருந்த ஜிமெயில் கணக்காக இருக்கலாம். அதன் பாஸ்வேர்டை நினைவுபடுத்தி வைத்துக்கொண்டு ரீசெட்டை அழுத்துங்கள்.